இறக்கத்தில் எரியும் விளக்கு

ஆடி 11

இன்று முதல் எழுதப் போகிறேன். உரக்கடையில் கொடுத்த டைரி தையிலிருந்து சும்மா கிடக்கிறது. வாயால் சொன்னால் கீழே மெக்கானிக் கடையில் இருக்கிறவர்கள் நம்பமாட்டேன் என்கிறார்கள். எழுதிக் கொண்டுபோய்க் காட்டினால் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம்.

என் பிக்கப் வண்டியின் முகப்பில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிகிறது. இன்ஜின் படம் போட்ட விளக்கு. எப்போதும் எரிந்தால்கூட ஒரு நியாயம் உண்டு. காலையில் மலை மேலே எங்கள் ஊர் நெடுங்கானலில் வண்டியை எடுக்கும்போது எரிவதில்லை. சௌசௌ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளை எல்லாம் இறங்கி, சமதரைக்கு வந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் எரிகிறது. எரிந்ததும் வண்டி செத்துப்போகிறது. எவ்வளவு மிதித்தாலும் மாட்டுவண்டி வேகம்தான். சைக்கிளில் போகிறவன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறான். ஆனால் சாயங்காலம் மலை ஏறும்போது ஒன்றும் இல்லை. சிங்கம் மாதிரி ஏறுகிறது.

ஏற்றத்தில் மூச்சு வாங்கும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். இறக்கத்தில் மூச்சு வாங்குகிற வண்டியை இப்போதுதான் பார்க்கிறேன்.

வத்தலக்குண்டில் மெக்கானிக் காஜாவிடம் சொன்னேன். பானெட்டைக்கூடத் தூக்கவில்லை.

"வயசாயிருச்சும்மா வண்டிக்கு. வீட்டுல ஆம்பளயாள் யாராச்சும் இருந்தா போன் போட்டுக் குடுங்க, வெவரமாச் சொல்றேன்."

"இருக்காரு. போட்டோவுல. பேசுறியா?"

பக்கத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன் சிரித்தான். காஜா சிரிக்கவில்லை. "எப்பெப்ப எரியுதுன்னு கவனிச்சுட்டு வாங்க வீராயம்மா" என்றான். அதனால்தான் இந்த டைரி.

ஆடி 13

மழை. லோடு இல்லை.

வண்டி நிற்பதைப் பற்றி எனக்கு ஒன்றும் கவலையில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எஸ்தரிடம் மட்டும் சொல்ல முடியவில்லை.

எஸ்தர் எங்கள் ஊர்ச் சுகாதார நர்ஸ். என் வீட்டு முன்னறையில்தான் வாடகைக்கு இருக்கிறாள். ஊருக்கெல்லாம் அவள் சிஸ்டர். என்னை அக்கா என்பாள். 108 வண்டி தார் ரோடு முடிகிற இடம்வரைதான் வரும். அதற்கு மேல் நெடுங்கானல்வரை கல்லும் குழியும். ஆகவே பிரசவ வலி எடுத்தால் என் பிக்கப்தான். முன்சீட்டில் வலிக்காரி, நடுவில் இவள், ஓட்டுகிறது நான். தார் ரோட்டில் 108 வந்து நின்றால் மாற்றிவிடுவோம். வராவிட்டால் கீழேவரை நானே கொண்டுபோவேன். வராத நாள்தான் அதிகம்.

இப்போது எஸ்தருக்கே எட்டாவது மாதம். வயது முப்பத்தெட்டு. இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. புருஷன் பட்டாளத்தில், வடக்கே பனியில் நிற்கிறான். பிள்ளை பிறந்த பிறகுதான் லீவு தருவார்களாம். "ஆவணி பாதியிலயே கீழ வந்து தங்கிருங்க" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தடுப்பூசி முகாமை முடித்துவிட்டு வருகிறேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். பிடிவாதக்காரி. பிடிவாதம் பிடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

இன்று கேட்டாள்: "வண்டி சரியாயிருமாக்கா?"

"வண்டிக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. டீசல்தான் கெட்ட டீசல்."

ஆடி 16

காஜா ஒரு சின்னப் பெட்டியை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி எதையோ படித்தான். ரெயிலில் பிரஷர் இல்லை என்று வருகிறதாம். எந்த ரெயில் என்று கேட்டேன். இன்ஜினுக்கு டீசல் கொண்டுபோகிற குழாய்க்கு அப்படிப் பெயராம். டீசல் வேகமாக வந்து சேரவில்லை என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்தால், இன்ஜின் கெட்டுப்போகாமலிருக்க அதுவே வண்டியை அடக்கிவிடுமாம்.

அதாவது என் வண்டியை என்னைக் கேட்காமல் அடக்குகிற ஒருவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான்.

பெரிய சர்வீஸ் சென்டரில் பம்பை மாற்றச் சொன்னார்கள். பம்பு கெட்டிருந்தால் ஏற்றத்தில் எப்படி இழுக்கிறது என்று கேட்டேன். கண்ணாடி அறையில் இருந்தவர் "நீங்க ஓட்டுறீங்களா, டிரைவர் யாரு?" என்றார். வந்துவிட்டேன்.

ஆடி 18

மாயாண்டி கடையில் சண்டை. மேலே எங்களுக்கு டீசல் கேனில் விற்கிறவன் அவன்தான். கீழே பங்க்கில் டீசல் போட்டதும் விளக்கு தொந்தரவு செய்வதில்லை. இவன் கேன் டீசலை ஊற்றிவிட்டு இறங்கினால் எரிகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்.

"என்ன கலக்குற? மண்ணெண்ணெயா, தண்ணியா?"

"மதினி, எங்கப்பன் காலத்துல இருந்து கடை. ஒருத்தர் ஒரு சொல் சொன்னதில்ல."

"ஒங்கப்பன் காலத்துல ஊர்ல வண்டியே இல்ல. யாரு சொல்லுவா?"

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கேட்கட்டும் என்றுதான் சத்தமாகப் பேசினேன்.

ஆடி 21

வண்டி கழுவினேன். "டேங்க் பக்கம் தண்ணி அடிக்காதீங்கக்கா, துருப்பிடிச்சிரும்" என்று வாசலில் நின்று எஸ்தர் சொல்லிக்கொண்டே இருந்தாள். அது பிளாஸ்டிக் டேங்க். துருவே பிடிக்காது. மாசமாக இருக்கிறவளிடம் என்ன எதிர்வாதம் என்று விட்டுவிட்டேன். அந்தப் பக்கம் சேறு அப்படியே இருக்கிறது.

ஆடி 24

மாயாண்டியிடம் வாங்குவதை நிறுத்திவிட்டேன்; பங்க் டீசலையே கேனில் கொண்டுவந்து காலையில் மேலே ஊற்றிக்கொண்டு இறங்குகிறேன். இன்றும் எரிந்தது.

இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. எழுதியிருக்கிறேன்.

பங்க்கில் டீசல் போட்டுவிட்டுக் கிளம்பியபோது, எப்போதும்போல், வண்டி நன்றாகிவிட்டது. இத்தனைக்கும் டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருந்தது. ஒரு சொட்டுப் போட்டதற்கே சரியாகிவிட்டது. பையன் மூடியைத் திறந்தபோது உஸ்ஸ் என்று ஒரு சத்தம். பாம்பு கிடக்கிறதோ என்று குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

டீசலில் இல்லையென்றால் எதில்?

எஸ்தருக்குக் கால் வீங்கியிருக்கிறது. காலுக்கு முக்காலி எடுத்துப் போட்டேன். "நான் நர்சு, எனக்கே சொல்லித் தர்றீங்களா" என்றாள். காலை இறக்கவில்லை.

ஆடி 28

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் வீட்டுக் குழாய்த் தண்ணீரை பாட்டிலில் பிடித்து, ஒரு மடக்குக் குடித்து, மூடி இறுக்கி, சீட்டில் போட்டேன். தினமும் செய்கிறதுதான். இறங்கினேன். கீழே செக்போஸ்ட்டில் விளக்கு எரிந்தது. ஓரம் கட்டி, கோபத்தில் பாட்டிலை எடுத்தேன். பாட்டில் இரண்டு பக்கமும் ஒட்டிப்போய், யாரோ கையால் நசுக்கிய மாதிரி இருந்தது.

இதுவும் புதிதில்லை. மலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். கீழே வாங்குகிற சிப்ஸ் பாக்கெட் மேலே வரும்போது வெடிக்கிற மாதிரி உப்பும். மேலே மூடின பாட்டில் கீழே வரும்போது நசுங்கும். காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் திறக்கும். பஸ்ஸில் சின்னப் பிள்ளைகள் அதை வைத்து விளையாடுவார்கள். நானும் எத்தனையோ முறை பார்த்துவிட்டு மூடியைத் திறந்து குடித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

இன்று திறந்தபோது பாட்டில் உஸ்ஸ் என்றது. பங்க்கில் கேட்ட அதே சத்தம்.

பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். செக்போஸ்ட்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். "என்னம்மா, ஒடம்பு சரியில்லயா?"

இறங்கிப்போய் டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸ் என்று ஆரம்பித்தது நிற்கவேயில்லை. வெளியே இருக்கிற காற்றை வண்டி உள்ளே இழுக்கிறது. உள்ளங்கையை டேங்கின் வாயில் வைத்துப் பார்த்தேன். கையைப் பிடித்து இழுத்தது. சும்மா ஒரு பிளாஸ்டிக் பெட்டி, என் கையை இழுக்கிறது. டேங்கின் வயிறு உள்ளே ஒட்டியிருந்தது, நான் பார்க்கப் பார்க்க டப் டப் என்று சத்தம் போட்டுக்கொண்டு வெளியே வந்தது.

டேங்க்கைக் காலையில் மேலே வைத்து மூடினேன். உள்ளே இருந்தது நெடுங்கானல் காற்று. கீழே வரவர வெளியே காற்று கனமாகிக்கொண்டே வந்து நாலு பக்கமும் அழுத்தியிருக்கிறது. உள்ளே இழுப்பும் வெளியே அழுத்தமுமாக, பம்பு டீசலைப் பிடித்து இழுக்க, டேங்க் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏற்றத்தில் அந்தத் தொந்தரவு கிடையாது. மேலே போகப்போக வெளிக்காற்று இளகிவிடுகிறது.

அப்படியென்றால் இந்த மலையில் மேலிருந்து கீழ்வரை காற்று அடுக்கடுக்காக நிற்கிறது. அதற்கு எடை இருக்கிறது. அந்த எடையைத் தலையில் வைத்துக்கொண்டுதான் வத்தலக்குண்டில் அத்தனை பேரும் கடை வைத்து, சண்டை போட்டு, டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் உறைத்ததில்லை. இத்தனை வருஷம் ஏறி இறங்கியிருக்கிறேன்.

செக்போஸ்ட்காரரிடம் சொன்னேன். "டீ சாப்பிடுங்கம்மா" என்றார்.

ஆடி 29

காஜாவிடம் போனில் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டான்.

"வீராயம்மா, பூட்டு மூடிதானே போட்டிருக்கீங்க?"

"ஆமா. டீசல் திருடுறானுகன்னு போட்டது."

"அதுல காத்து போக ஓட்ட இருக்காது. ஆனா டேங்குக்கு மேல பென்சில் கனத்துல ஒரு ரப்பர் ஓஸ் இருக்கும், காத்துக்குன்னே வச்சது. அது அடைச்சிருக்கும். அதான். கம்பி ஒண்ண விட்டுக் குத்துங்க, போயிரும்." பிறகு அவனாகவே, "பம்ப மாத்தியிருந்தா ஒங்ககிட்ட என்ன பேச்சு வாங்கியிருப்பேன்" என்றான்.

ஓட்டை உள்ள மூடிக்கும் சொல்லி வைக்கிறானாம். வர நாளாகும்.

நான் கண்டுபிடித்தது பாதி. அவன் சொன்னது பாதி. நியாயமாகத்தான் எழுதுகிறேன்.

ஆடி 30

சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். கையில் குடைக்கம்பி. ஓஸ் முனை அடிச்சட்டத்தின் மடிப்புக்குள் இருந்தது. முனையே தெரியவில்லை. அதன் மேல் செம்மண்ணில் ஒரு குளவிக் கூடு.

குத்தக் கம்பியை உயர்த்தினேன். அதற்குள் குளவியே வந்துவிட்டது. தன்னைவிடப் பெரிய பச்சைப் புழுவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி வந்து இறங்கியது. நான் இருப்பதை அது பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. புழு சாகவில்லை, அசையவும் இல்லை. கூட்டின் வாயில் கழுத்துப் பட்டி மாதிரி ஒரு விளிம்பு வைத்திருக்கிறது, குயவர் வீட்டுப் பானைக்குக்கூட அவ்வளவு ஒழுங்கு பார்த்ததில்லை. அதற்குள் புழுவை இழுத்து வைத்துவிட்டுப் போனது. திரும்பி ஈரமண் உருண்டையோடு வந்தது. வாயை மூடத் தொடங்கியது. மண்ணைத் தேய்க்கும்போது ஒரு ரீங்காரம். சட்டத்தில் பட்டு, இரும்பு முழுக்க அந்தச் சத்தம் ஓடியது. இந்த வண்டி தினமும் மலை இறங்கி ஏறுகிறது. ஒவ்வொரு நாளும் இது காத்திருந்து, வண்டி வந்து நின்றதும் விட்ட இடத்திலிருந்து கட்டியிருக்கிறது.

"அக்கா. கம்பிய வச்சிருங்க."

எஸ்தரின் கால் மட்டும் தெரிந்தது. வீங்கின கால்.

"ஒனக்குத் தெரியுமா இது இங்க இருக்குன்னு?"

கால் ஒரு அடி பின்னால் போனது.

"எத்தன நாளா தெரியும்?"

"நான் ஏழாவது மாசம் இருக்கும்போது வந்துச்சு. முத நாள் ஒங்க கிணத்தடியில மண்ணு எடுத்துச்சு. எங்க போகுதுன்னு பின்னாடியே போனேன்."

கர்ப்பிணி இருக்கிற வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை நிலைக்கும், அதை உடைக்கக் கூடாது என்பார்கள். எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ஊருக்கெல்லாம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, மந்திரித்துக் கட்டின கயிற்றைக் கத்தரித்துப் போடுகிறவள் இவள்.

"நீ ஊசி போடுற நர்சு."

"ஊசி போடுறவதான். இதுல ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும். ரத்தம் பாத்தாச்சு, ஸ்கேன் பாத்தாச்சு." மெதுவாகத் தொடர்ந்தாள். "முன்னால ரெண்டு தடவையும் வீடு முழுக்கத் தேடினேன்க்கா. ஒரு எடத்துலயும் கட்டல."

"கூடு இருந்தா வண்டி எறங்காது. வண்டி எறங்கலேன்னா ஒன்னய எப்படிக் கொண்டுபோறது? சொல்லு."

"தெரியல."

"புள்ள வேணுமா, கூடு வேணுமா?"

"கம்பிய வச்சிருங்க" என்றாள் மறுபடியும்.

அரை மணி நேரம் அவளோடு சண்டை போட்டேன். நான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. கடைசியில் கம்பியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். காரணம், மண் ஈரமாக இருக்கிறது, இப்போது குத்தினால் சேறு உள்ளே போய் ஓஸையே கெடுத்துவிடும். காய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆவணி 3

மூடியைத் திருகாமல் லேசாக வைத்து, மேலே துணி கட்டி இறங்கினேன். டேங்கில் பாதிக்கு மேல் டீசல் வைக்கவில்லை, வளைவில் தளும்பும். விளக்கு எரியவில்லை. சமதரையில் மிதித்தேன். பறந்தது.

வெயில் நாளுக்கு இது போதும். மழையில் முடியாது. துணி நனைந்து தண்ணீர் உள்ளே போனால் அதோடு வண்டி முடிந்தது.

ஆவணி 4

அடியில் படுத்துப் பார்த்தேன். வாய் மூடியாகிவிட்டது. குளவியைக் காணோம். கூட்டுக்கு மேலே மழைத் தண்ணீர் வடியாமல் சட்டத்தின் மடிப்பு காப்பாற்றுகிறது. இவ்வளவு பெரிய மலையில் அந்த இடத்தை அது எப்படிக் கண்டுபிடித்தது?

முதுகு பிடித்துக்கொண்டது. எழுந்திருக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

ஆவணி 7

மாயாண்டி கடைக்குப் போய் ஒரு கேன் டீசல் வாங்கினேன். அவன் என்னைப் பார்த்தான். நான் கேனைப் பார்த்தேன்.

"மதினி, தண்ணி கலந்ததா, கலக்காததா?"

"இருக்கறதக் குடு."

ஆவணி 14

ஆஸ்பத்திரி வாசலில், வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரியை ஸ்டியரிங் மேல் வைத்திருக்கிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

நாளைக் காலை கீழே போய்த் தங்குவதாக இருந்தாள் எஸ்தர். இன்று காலை பத்து மணிக்கு, முகாமில் கடைசிப் பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, வண்டிய எடுங்க" என்றாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. 108 வேறு ஊருக்குப் போயிருந்தது.

கம்பியை எடுத்துக்கொண்டு அடியில் போகப் பார்த்தேன். அவள் வண்டிக் கதவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். கம்பியைத் தூக்கி எறிந்துவிட்டு மூடியை இறுக்கிப் பூட்டினேன்.

ஒரே வழிதான். இறங்க இறங்க நிறுத்தி, மூடியைத் திறந்து, டேங்க்கை மூச்சு விடச் செய்து, பூட்டிவிட்டு மறுபடி இறங்க வேண்டும். இதற்கு ஒரு ஆள் வேண்டும். மாயாண்டி கடையை அப்படியே போட்டுவிட்டுக் குடையோடு வந்து பின்னால் ஏறிக்கொண்டான். நான் கூப்பிடவில்லை.

ஐந்தாறு வளைவுக்கு ஒரு முறை நிறுத்தினேன். மாயாண்டி குதித்து, குடையை டேங்குக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி சாவியைத் திருப்புவான். உஸ்ஸ் என்று டேங்க் இழுக்கும். முன்சீட்டில் எஸ்தரும் வலியை அடக்க அதே மாதிரி மூச்சை உள்ளே இழுத்து, மெதுவாக விடுவாள். ஊரில் எத்தனை பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தாளோ, அதை இன்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டியும் இவளும் மாற்றி மாற்றி மூச்சு விட்டார்கள். மேகம் ரோட்டுக்கே இறங்கியிருந்தது. முன்னால் ஒரு வளைவு தெரியும், அதைத் தாண்டி ஒன்றும் தெரியாது.

"என் டீசலு எப்படி மதினி, நல்லா மூச்சு விடுதா?" என்று பின்னாலிருந்து கேட்டான் மாயாண்டி.

வழியில் ஓர் இடத்தில் பாறை சரிந்து, அதைச் சுற்றிப் போக நேரமாயிற்று. வலி நெருங்கி நெருங்கி வந்தது. அடுத்த நிறுத்தத்தில் எஸ்தர் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"அக்கா, ஒடச்சிருங்க. நிறுத்தி நிறுத்திப் போக முடியாது. நானே சொல்றேன். ஒடச்சிருங்க."

"முடியாது."

"நான் சொல்றேன்ல."

"நீ அன்னிக்கி ஒடைக்காதன்னு சொன்ன, நான் கேட்டேன். இன்னிக்கி ஒடைன்னு சொன்னா கேக்கமாட்டேன். ஒருத்தர் சொல்லுக்கு ஒரு தடவதான் எறங்கி வருவேன். பேசாம மூச்ச விடு."

அவள் அழுதாள், சிரித்தாள், திட்டினாள். நர்சுகளுக்கு அப்படியெல்லாம் திட்டத் தெரியும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

செக்போஸ்ட்டைத் தாண்டிச் சமதரையில் மிதித்தேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி படுத்துக்கொண்டது. பாறையிடத்தில் பிந்தியதால் கடைசியாக ஒரு முறை நிறுத்தாமல் வந்திருந்தேன். என் தவறுதான். ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன். மாயாண்டி ஓடி மூடியைத் திறந்தான். இழுத்து முடிக்கும்வரை காத்திருந்து சாவியைப் போட்டேன். விளக்கு அணையவில்லை. எஸ்தர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

அவள் மடியில் இருந்த நர்சுப் பையைத் திறந்தாள். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரைப் பல்லால் கிழித்து, எட்டி, விளக்கின் மேல் ஒட்டினாள். ஊசி போட்ட இடத்தில் அழுத்துகிற மாதிரி கட்டை விரலால் அழுத்தினாள்.

"இப்ப எரியல. ஓட்டுங்க."

மிதித்தேன். வண்டி இழுத்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கும், ஆனாலும் இழுத்தது. உள்ளே உட்கார்ந்திருக்கிற அந்தக் கம்ப்யூட்டர்காரன் என்ன நினைத்தானோ, இழுக்க விட்டுவிட்டான்.

உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஆகிறது. மாயாண்டி டீ வாங்கப் போயிருக்கிறான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னும் சொல்லவில்லை.

அதே நாள், மாலை

பெண்.

வார்டு அம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "நீங்க சொந்தமா?" என்றார். டிரைவர் என்றேன். சிரித்துவிட்டு உள்ளே போனார்.

மூக்கு அவ்வளவு சின்னது. அதன் வழியாகக் காற்று போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. நெஞ்சு எழும்பி எழும்பி இறங்கியது. காலைவரை இதற்குக் காற்று என்றால் என்னவென்றே தெரியாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாயாண்டி இரண்டு கையிலும் டீ கிளாஸோடு வந்து நின்று, குடிக்கவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். மழையில் நனைந்த சட்டை அவன் மேலேயே காய்ந்துபோயிருந்தது.

"மதினி, ஏதாவது சொல்லுங்க" என்றான்.

எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. எப்போதும் வரும்.

ஆவணி 17

எஸ்தர் எழுந்து நடக்கிறாள். டாக்டர் அவளைத் திட்டினார். அவள் டாக்டரைத் திட்டினாள். பட்டாளத்துக்காரன் போனில் குழந்தையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தானாம். சிக்னல் இல்லையோ என்று இவள் ஹலோ ஹலோ என்று கத்தியிருக்கிறாள்.

ஆவணி 24

இன்று ஏறினோம். தார் ரோட்டில் எங்களுக்கு மேலே வெயில், பள்ளத்தாக்கில் மேகம்.

கீழே ஊரைத் தாண்டும்வரை குழந்தை தூங்கியது. மூன்றாவது வளைவில் திடுக்கென்று விழித்து அழுதது. பசி இல்லை, ஈரம் இல்லை. எஸ்தருக்குப் புரிந்துவிட்டது. "காது அடைக்குதுக்கா, முத தடவ ஏறுதுல்ல." மார்பில் வைத்தாள். இரண்டு மடக்கு விழுங்கியது. நின்றது. சில வளைவு கழித்து மறுபடியும் அழுகை. மறுபடியும் விழுங்கல். எந்த இடத்தில் அழுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு அடுக்கிலும் காற்று கொஞ்சம் இளகுகிறது, குழந்தை அதைக் கண்டுபிடித்துவிடுகிறது.

இந்த மலையில் நான் ஏறியதற்குக் கணக்கில்லை. ரோட்டைப் பார்த்து ஏறியிருக்கிறேன், வளைவைப் பார்த்து, லோடைப் பார்த்து ஏறியிருக்கிறேன். எதற்குள்ளே ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று பார்த்ததில்லை.

"மெதுவாப் போங்கக்கா. ஒவ்வொரு எடத்துலயும் பழகிக்கிட்டு வரட்டும்."

இரண்டாம் கியருக்கு இறக்கினேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்தான். விடாமல் அடித்தான். வழி விட இடம் இருந்தது. நான் விடவில்லை. பிள்ளை எச்சிலை விழுங்கி முடிக்கும்வரை அப்படியே போனோம்.